ஆபேலின் கழுத்தில் விழுந்த பட்டை

ஆபேலை வெட்டிக் கொன்றது காலை ஏழு மணிக்கு, கடற்கரையில் மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தபோது. இனயத்தை அடுத்த சின்னத் துறை அது. கடலுக்குள் யாருடைய வலையை யார் அறுத்தார்கள் என்று ஆபேல் வீட்டாருக்கும் இன்னொரு வள்ளக்காரர் வீட்டாருக்கும் இடையே மூன்று மாதமாகத் தகராறு. அன்று தகராறுகூட நடக்கவில்லை. ஆபேல் குனிந்து நெத்திலிக் கூடையைத் தூக்கினான். பின்னாலிருந்து வந்த இரண்டு பேரில் ஒருவன் அவன் கழுத்தில் ஓங்கி வெட்டினான். ஒரே வெட்டுதான்.

தம்பி செல்வன் பத்து வள்ளம் தள்ளி எஞ்சினைக் கழுவிக்கொண்டிருந்தான். ஓடிவந்து அண்ணனின் கழுத்தை இரண்டு கையாலும் பொத்தினான். அப்படியே ஆட்டோவில் ஏற்றினார்கள். கருங்கல் ஆஸ்பத்திரிக்கு வரும் வழியெல்லாம் விரலிடுக்கில் ரத்தம் வழிந்துகொண்டே இருந்தது. பாதி வழியில் ஆபேலின் உடம்பு ஒருமுறை உதறி நின்றுபோனது. ஆஸ்பத்திரி வாசலில் கையை எடுக்கச் சொல்லி நர்ஸ் கத்தியும் செல்வன் எடுக்கவில்லை. இரண்டு பேர் சேர்ந்து விரல் விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

வெட்டியவர்கள் அன்றைக்கே போலீசில் சரணடைந்துவிட்டார்கள். செல்வனுக்கு அடிக்க ஆள் கிடைக்கவில்லை.

முப்பதாம் நாள் நினைவுக்கு ஊர்ச் சிலுவைக் கோவிலான குருசடிக்குப் பக்கத்தில் பெரிய பிளக்ஸ் வைப்பது என்று குடும்பத்தில் முடிவாயிற்று. ஆபேலின் மனைவி அபிதாவைக் கூட்டிக்கொண்டு செல்வன் கருங்கலில் ரெனிஷ் நடத்திய பிளக்ஸ் கடைக்கு வந்தான். அங்கே படம் வரைவது ஜாஸ்மி. முப்பத்தொரு வயது, கணவன் சவூதியில். கடற்கரை ஊர்களில் யார் இறந்தாலும் அவளிடம்தான் படம் கொண்டுவருவார்கள். சின்னப் போட்டோவை அப்படியே இழுத்துப் பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாக உடைந்துபோகும். ஜாஸ்மி அதைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் கோடுகளாலும் நிறங்களாலும் புதிதாக வரைந்துவிடுவாள். அந்தப் படத்தை இருபது அடிக்கு இழுத்தாலும் உடையாது.

அபிதா போனில் ஒரு படத்தைக் காட்டினாள். யாருடைய கல்யாணத்திலோ எடுத்த கூட்டப் படம். மூன்றாவது வரிசையில் நகத்தளவுக்கு ஆபேல் முகம் தெரிந்தது. முன்னால் நின்றவனின் தோள் கழுத்தை மறைத்திருந்தது.

"வேற இல்லியாக்கா?"

"அவரு போட்டோவுக்கு நிக்க மாட்டாரு பிள்ளே. எத்தனை மட்டம் கூப்பிட்டிருக்கேன்."

"முகம் நல்லா வரைஞ்சிடலாம்," என்றாள் ஜாஸ்மி. "கழுத்துதான் தெரியல்ல. கீழ பூமாலை மாதிரி ஒண்ணு போட்டு மறைச்சிடட்டா?"

அதுவரை வாசலைப் பார்த்து நின்ற செல்வன் திரும்பினான்.

"மறைக்கப்பிடாது. கழுத்து முழுசா வேணும். ஒரு வெட்டும் இல்லாத கழுத்து."

அபிதா தரையைப் பார்த்தாள். ஜாஸ்மி சரி என்று எழுதிக்கொண்டாள்.

மூன்று நாள் வரைந்தாள். முகம் அவளே எதிர்பாராத அளவுக்கு நன்றாக வந்தது. கண்ணோரச் சுருக்கமும், சிரிக்கும்போது ஒரு பக்கம் ஏறும் உதடும் அந்த நகத்தளவுப் படத்திலிருந்து எழுந்து வந்தன. சிக்கல் கழுத்தில்தான் இருந்தது. தாடைக்குக் கீழே நிழல் விழுந்த கரும் பழுப்பு, காலர் பக்கம் அதைவிடச் சற்றே வெளுத்த பழுப்பு. ஒரு நிறம் இன்னொன்றாக மெல்லக் கரைய வேண்டும். சின்னதாகப் பார்த்தால் அழகாகக் கரைந்துதான் இருந்தது. பெரிதாக்கினால் வழவழப்பு போய்ப் பட்டை பட்டையாகப் பிரிந்தது. கிட்டத்தட்ட ஒரே மாதிரியான இரண்டு நிறங்களுக்கு நடுவே கம்ப்யூட்டரிடம் கொஞ்சம் நிறங்கள்தான் இருக்கும். அந்தக் கொஞ்சத்தை நீளமான இடத்தில் பரப்பினால் ஒவ்வொன்றும் அகன்ற பட்டையாகிவிடும். போதாக்குறைக்கு, கண்ணும் பட்டையின் விளிம்பை உள்ளதைவிட அழுத்தமாகவே காட்டும்.

சோதனைக்கு ஒரு துண்டு அச்சடித்துப் பார்த்தாள். ஒரு பட்டை மட்டும் மையில் சற்றுச் சிவப்பாக ஏறியிருந்தது.

"அண்ணே, கழுத்துல பட்டை விழுவுது. எனக்கு ரெண்டு மணிக்கூர் தாங்க, சரியாக்கிடுதேன்," என்றாள் ரெனிஷிடம்.

ரெனிஷ் துண்டை எட்டப் பிடித்துப் பார்த்தான். "இருவது அடி உயரத்துல எவன் பாக்கப் போறான் ஜாஸ்மி? பிளக்ஸை ஏத்த வண்டி வந்து நிக்குது. விடு."

ஜாஸ்மிக்கும் களைப்பு. அந்தப் பழைய கம்ப்யூட்டர் பெரிய படத்தில் கைவைத்தால் உறைந்து நிற்கும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவள் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்திருக்கலாம். சொல்லவில்லை. படத்தை அச்சுக்கு அனுப்பினாள்.

முப்பதாம் நாள் காலையில் குருசடிப் பக்கம் பிளக்ஸைக் கட்டி நிறுத்தினார்கள். பூசை முடிந்து வந்தவர்கள் அண்ணாந்து பார்த்து அழுதார்கள். உயிரோடு நிற்பதுபோல் இருக்கிறது என்றார்கள். அதுவரை எல்லாம் சரியாகவே இருந்தது.

நாலு மணி வாக்கில் வெயில் கடல் பக்கமாகச் சாய்ந்தது. பிளக்ஸுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் ஊடுருவி வந்தபோது காலையில் கண்ணுக்குப் படாதது பட்டது. ஆபேலின் கழுத்தில், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை, நான்கு விரல் அகலத்தில் சிவப்பாக ஒரு கோடு கிடந்தது. வெட்டு விழுந்த அதே இடம்.

முதலில் பார்த்தது சஜின். வெட்டியவர்களின் சித்தப்பா மகன், இருபத்திரண்டு வயது. அவன் போனில் அதைப் படம் பிடித்து, 'ஆபேலுக்கு ரெண்டாமத்த வெட்டு' என்று எழுதி, சிரிக்கும் பொம்மையும் சேர்த்து ஸ்டேட்டஸ் வைத்தான். பத்தே நிமிஷத்தில் அது செல்வனின் போனுக்கு வந்து சேர்ந்தது.

செல்வன் துடுப்பை எடுத்துக்கொண்டு போனான். சஜின் வலைக்கூடத்தின் சுவரில் சாய்ந்து இன்னும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். முதல் அடி போன் பிடித்திருந்த கையில் விழுந்தது. இரண்டாவது முகத்தில். அவன் மணலில் விழுந்த பிறகும் செல்வன் நிறுத்தவில்லை. "சிரிலே, இப்பம் சிரி" என்று சொல்லிச் சொல்லி அடித்தான். சஜினின் இடது கண் அப்போதே வெளியே பிதுங்கிவிட்டது என்று தடுக்கப் போனவர்கள் பிறகு சொன்னார்கள். துடுப்பு இரண்டாக முறிந்த பிறகுதான் செல்வன் அங்கிருந்து நகர்ந்தான். வீட்டுக்குப் போய் வெட்டுகத்தியை எடுத்தான். சொந்தக்காரர்கள் இரண்டு பேர் பைக்கோடு வந்து நின்றார்கள்.

ஐந்தரை மணிக்குக் கடைக்குள் நுழைந்தவனின் சட்டையில் சஜினின் ரத்தம் காயாமல் இருந்தது. கூட வந்தவர்களில் ஒருவன் ஷட்டரைப் பாதிக்கு இறக்கினான்.

"இஞ்ச படம் வரையதுக்கு ஒரு பெண்ணு உண்டுமே, எங்க அவ?"

ரெனிஷ் மேஜையில் ஒரு கல்யாணப் பிளக்ஸின் ஓரத்தை வெட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்து, கையைத் தூக்கிக்கொண்டே வந்தான்.

"செல்வா, என்ன காரியம்னு சொல்லு. இருந்து பேசுவோம்..."

தூக்கிய கையில் வெட்டு விழுந்தது. முழங்கைக்குக் கீழே எலும்புவரை சதை பிளந்தது. ரெனிஷ் பிளக்ஸ் சுருளின்மேல் சாய்ந்து அதோடு சேர்ந்து சரிந்தான். பிளக்ஸ் ரத்தத்தைக் குடிக்காது. வெள்ளைப் பரப்பில் வழுக்கி, அப்படியே தரைக்கு இறங்கியது. மற்ற இரண்டு பேரும் அச்சு இயந்திரத்தை இரும்புக் குழாயால் அடித்து நொறுக்கினார்கள். மைக் குழாய்கள் அறுந்து நீலமும் மஞ்சளும் தரையெல்லாம் ஓடின. மையின் நெடியில் கண் எரிந்தது.

சத்தம் கேட்டு உள்ளறையில் எழுந்த ஜாஸ்மியின் தலைமுடியைப் பிடித்துச் செல்வன் வெளியே இழுத்தான்.

"ஆருட்டி சொல்லித் தந்தது? அவனுவ வந்து சொன்னானுவளா, ஆபேலுக்க கழுத்துல கோடு போடுன்னு?"

"ஆரும் சொல்லல்ல அண்ணே. நான் போடல்ல."

"நீ போடல்ல. பின்ன கோடு தானா வந்துதா?"

"தானாத்தான் வந்துது."

கத்திப் பிடியால் அவள் நெற்றிக்கு மேலே ஓங்கிக் குத்தினான். அவள் மேஜையில் மோதி உட்கார்ந்தாள். ரத்தம் வலது கண்ணுக்குள் இறங்கியது. கத்தியின் முனை தன் தொண்டைக்குழியில் தொடுவதை உணர்ந்தாள்.

"காட்டுதேன்," என்றாள். "கம்ப்யூட்டர்ல இருக்கு. காட்டுதேன். பாத்த பிறவு வெட்டுங்க."

செல்வன் அவளைத் தூக்கிக் கம்ப்யூட்டர் முன்னாலிருந்த நாற்காலியில் போட்டான். மவுஸ் ரத்தத்தில் வழுக்கியது. ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே ஆபேலின் படத்தைத் திறந்தாள். திரையில் அண்ணனின் முகம் வந்ததும் செல்வனின் மூச்சு மாறியதை அவள் கேட்டாள். கழுத்தை மட்டும் பெரிதாக்கினாள், பெரிதாக்கிக்கொண்டே போனாள். பழுப்பு நிறம் பட்டைகளாகப் பிரிந்தது.

"எண்ணுங்க."

"என்னட்டி விளையாடுதியா?"

"எண்ணுங்க அண்ணே. மேல இருந்து."

அவன் எண்ணவில்லை. அவளே விரலால் திரையைத் தொட்டு எண்ணினாள். ஒவ்வொரு தொடலிலும் ஒரு சிவப்புப் புள்ளி விழுந்தது. பதினொன்று.

"மேல இருக்கப்பட்ட நிறத்துக்கும் கீழ இருக்கப்பட்ட நிறத்துக்கும் இடையில இதுக்குப் பதினொண்ணுதான் தெரியும். பிளக்ஸ்ல கழுத்து மூணு அடி. மூணு அடிக்கு இந்தப் பதினொண்ணையும் விரிச்சா ஒண்ணு மூணு இஞ்சுக்கு மேல வரும். ஒண்ணு முடிஞ்சு அடுத்தது தொடங்குத இடத்துல எல்லாம் கோடு மாதிரி தெரியும். அதுல ஒண்ணு மையில சிவப்பா ஏறிட்டு. அதுதான் நீங்க பாத்தது."

"பொய்."

அவள் படத்தைக் கீழே நகர்த்தினாள். வெள்ளைச் சட்டையின் தோளில் அதே போன்ற பட்டைகள். மேலே நகர்த்தினாள். ஆபேலின் தலைக்குப் பின்னால் வரைந்திருந்த மாலை வானத்தில் நீலம் அடுக்கடுக்காகக் கிடந்தது.

"சட்டையிலயும் இருக்கு, வானத்துலயும் இருக்கு. நீங்க கழுத்தை மட்டும்தான் பாத்தீங்க."

செல்வன் குனிந்து பார்த்தான். வானத்தையும் தோளையும் அவன் இப்போதுதான் முதல்முறை பார்க்கிறான் என்பது அவன் முகத்தில் தெரிந்தது. கத்தி அவள் தொண்டையிலிருந்து இறங்கியது. கூட வந்த இரண்டு பேரும் அடிப்பதை நிறுத்திவிட்டு வாசலில் நின்றார்கள். தரையில் கிடந்த ரெனிஷ் குடிக்க வெள்ளம் கேட்டு முனகினான்.

"இப்படிக் கோடு விழும்னு உனக்கு முன்னமே தெரியுமா?" என்று செல்வன் கேட்டான்.

ரெனிஷ்தான் விடச் சொன்னான் என்று சொல்லியிருந்தால் கத்தி அந்தப் பக்கம் போயிருக்கும். அவன் அங்கே தன் கையைத் தானே பிடித்துக்கொண்டு கிடந்தான். ஜாஸ்மி அவனைப் பார்த்தாள்.

"தெரியும். பாத்தேன். ரெண்டு மணிக்கூர் வேலை. ஆரு கவனிக்கப் போறான்னு விட்டுட்டேன்."

"எனக்க அண்ணனுக்க கழுத்துட்டி அது!"

அவன் கத்தியை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கினான். ஜாஸ்மி கண்ணை மூடி, தலையை முழங்காலுக்குள் இறக்கினாள். வெட்டு திரையில் விழுந்தது. கண்ணாடிச் சில்லுகள் அவள் கழுத்திலும் முதுகிலும் தெறித்தன. அவன் மறுபடி வெட்டினான். திரை இரண்டாகப் பிளந்து கத்தி மேஜையில் இறங்கி மாட்டிக்கொண்டது. அதை அவன் இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்துச் சந்தையிலிருந்தவர்கள் ஷட்டரைத் தூக்கிக்கொண்டு உள்ளே பாய்ந்தார்கள்.

மரச்சீனிக் கிழங்கு விற்பவர்களும் மீன் வெட்டுகிறவர்களும் ஆட்டோக்காரர்களுமாகப் பத்துப் பதினைந்து பேர். செல்வனோடு வந்த இரண்டு பேரும் ஓடிவிட்டார்கள். செல்வனைச் சிந்திய மைக்குள் போட்டு மிதித்தார்கள். தராசுக்கட்டையால் யாரோ அவன் வாயில் அடித்தார்கள். பல் தெறித்துச் சுவரில் பட்டது. அவன் திருப்பி அடிக்கவில்லை, கையைக் குறுக்கே வைத்து மறைக்கக்கூட இல்லை. ஜாஸ்மி பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். இன்னும் அடிக்கட்டும் என்று இருந்தது அவளுக்கு. அப்படி இருந்தது என்பதைப் பிறகு யாரிடமும் அவள் சொல்லவில்லை. போலீஸ் வந்து தூக்கியபோது செல்வனின் முகம் நீலமும் சிவப்பும் கலந்து, யாரென்று அடையாளம் தெரியாமல் இருந்தது.

ஜாஸ்மியின் தலையில் ஆறு தையல். முதுகிலிருந்து எடுத்த கண்ணாடிச் சில்லுகளை டாக்டர் ஒரு கிண்ணத்தில் போட்டார். ரெனிஷின் கையில் நரம்பு அறுந்துவிட்டது; சுண்டுவிரலும் அடுத்த விரலும் இனி மடங்காது என்றார்கள். சஜினுக்கு இடது கண் போயிற்று. சவூதியிலிருந்து கணவன் தினமும் கூப்பிட்டான். "கேஸ் ஒண்ணும் வேண்டாம் ஜாஸ்மி. அவனுவ கடற்கரைக்காரனுவ. நாளைக்கு நீதானே தனியா நடந்து போவணும்?" அவள் கேட்டுக்கொண்டாள். ஆனால் சப்-இன்ஸ்பெக்டர் வந்தபோது நடந்ததையெல்லாம் சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

நாலாம் நாள் ஆஸ்பத்திரிக்கு அபிதா வந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"கேஸை வாபஸ் வாங்கச் சொல்லவா வந்தியக்கா?" என்று ஜாஸ்மி கேட்டாள். குரல் அவளுக்கே கடுமையாகக் கேட்டது.

"இல்ல பிள்ளே. அவன் செய்ததுக்கு அவன் அனுபவிக்கட்டும். நானே அவனைத் தடுத்திருக்கணும். கத்தியை எடுக்கப்ப நான் அடுக்களையிலதான் நின்னேன். போவட்டுன்னு நின்னேன்."

அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"பிளக்ஸை இறக்கி வீட்டு வராந்தாவுல சுருட்டி வச்சிருக்கு," என்றாள் அபிதா. "எனக்க சின்ன மவ அதைப் பிரிச்சுப் பிரிச்சுப் பாக்கா. எட்டு வயசு. அப்பாக்க கழுத்துல வெள்ளம் தொட்டுத் துடைக்கா. போவ மாட்டேங்கு, போவ மாட்டேங்குன்னு என்னைக் கூப்பிடுதா. எனக்கு அதைப் பாக்க ஒக்கல்ல பிள்ளே. நாப்பத்தொண்ணாம் நாளுக்கு ஒரு படம் வேணும். பெரிசு வேண்டாம். கோடு இல்லாம இருந்தா போதும்."

ஜாஸ்மி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். தையல் விண்விண் என்று தெறித்தது. போய்விடு என்று சொல்ல வாய்வரை வந்தது. அந்தப் பிள்ளை துணியை நனைத்து நனைத்துத் துடைப்பது கண்ணுக்குள்ளேயே நின்றது.

"வரைஞ்சு தருவேன்," என்றாள் திரும்பாமலே. "ஆனா கோர்ட்டுல ஒரு வார்த்தை மாத்த மாட்டேன்."

"நான் அதைக் கேக்கல்ல."

படத்தின் நகல் அவள் வீட்டு லேப்டாப்பில் இருந்தது. தையல் பிரிக்கும் முன்பே உட்கார்ந்துவிட்டாள். முதலில் கழுத்தின் நிறங்களை மாற்றினாள். தாடை நிழலை இன்னும் ஆழமாக்கி, காலர் பக்கத்தை வெளிறச் செய்தாள். இரண்டு முனைகளும் விலக விலக நடுவில் நிறங்கள் கூடுதலாகக் கிடைத்தன. நடுவே செம்மண் சாயலில் ஒரு நிறத்தையும் மஞ்சள் கலந்த ஒரு நிறத்தையும் புகுத்தினாள். நீளமான ஒரே கரைவை உடைத்து, கழுத்து நரம்பின் மேடும் பள்ளமுமாகச் சின்னச் சின்னக் கரைவுகளாக ஆக்கினாள். அச்சுக்குப் போகும்போது கரைவை எத்தனை படியாகப் பிரிப்பது என்ற எண்ணிக்கை குறைவாக இருந்ததை முழுசாக ஏற்றிவைத்தாள். கடைசியில் கழுத்தின் மேலும் வானத்தின் மேலும் பொடி மணல் தூவியதுபோல மெல்லிய புள்ளிகளைப் பரப்பினாள். அந்தச் சொரசொரப்பில் பட்டையின் விளிம்பைப் பிடிக்கக் கண்ணுக்கு இடமில்லாமல் போனது. இந்தக் கடைசி வேலை மட்டும் செய்திருந்தால்கூடப் போதும். அன்றைக்கே அரைமணி நேரத்தில் முடிந்திருக்கும். அது தெரிந்தபோது அவள் லேப்டாப்பை மூடிவிட்டு வெளியே போய் வெகுநேரம் நின்றாள்.

மார்த்தாண்டத்தில் ஒரு அச்சகத்தில் ஆறடிக்கு நாலடியில் அச்சடிக்கக் கொடுத்தாள். வெயிலுக்கு எதிரே இரண்டு பேரைப் பிடித்து நிற்கச் சொல்லிப் பார்த்தாள். கிட்டப் போய்ப் பார்த்தாள், சாலையைத் தாண்டிப் போய்ப் பார்த்தாள். கழுத்து கழுத்தாகவே இருந்தது. அபிதா வந்து வாங்கிப் போனாள். ரெனிஷ் கடையை மறுபடி திறக்கவில்லை. ஜாஸ்மி அந்த மார்த்தாண்டம் அச்சகத்திலேயே வேலைக்குச் சேர்ந்தாள்.

பத்மநாபபுரம் கோர்ட்டில் வழக்கு விசாரணைக்கு வர ஒன்றரை வருஷம் ஆயிற்று. ஜாமீனில் வந்த செல்வன் மதுரையில் தங்கிப் போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். சாட்சி சொல்லப் போன அன்று கோர்ட்டு வராந்தாவில் அவன் நின்றான். முன்பல் இரண்டு இல்லை. ஆள் பாதியாக வற்றியிருந்தான். ஜாஸ்மியின் கால்கள் தாமாகவே நின்றன. அவன் கிட்ட வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே பேசினான்.

"ஜாமீன்ல வந்த அன்னைக்கு வீட்டுல படத்தைப் பாத்தேன். நல்லா இருக்கு."

அவள் விசாரணை அறையின் கதவைப் பார்த்தாள்.

"எல்லாத்தையும் சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

"சொல்லு," என்றான் செல்வன். "ரெனிஷுக்க கையைச் சொல்லு. உனக்க தலையைச் சொல்லு. நானும் இல்லேன்னு சொல்லப் போறதில்ல."

உள்ளே கூப்பிட்டார்கள். ஜாஸ்மி ஒரு மணி நேரத்துக்கும் மேல் கூண்டில் நின்றாள். ஷட்டர் இறங்கிய சத்தத்தில் தொடங்கி, கத்தி மேஜையில் மாட்டியதுவரை வரிசையாகச் சொன்னாள். செல்வனின் வக்கீல் எழுந்து, கழுத்தில் கோடு விழுவது தெரிந்தும் வேண்டுமென்றே விட்டாய், அதுதானே என் கட்சிக்காரரைத் தூண்டியது என்று கேட்டார். கோடு விழுந்தது தெரியும், சோம்பலில் விட்டேன், வேண்டுமென்று விடவில்லை என்றாள். குரல் ஒரு இடத்தில் மட்டும் உடைந்தது. ரெனிஷ் வெள்ளம் கேட்டதைச் சொன்ன இடத்தில்.

செல்வனுக்கு ஏழு வருஷம் கிடைத்தது. தீர்ப்பு அன்று ஜாஸ்மி கோர்ட்டுக்குப் போகவில்லை. மத்தியானம் ரெனிஷ் போனில் விஷயத்தைச் சொன்னான். அவள் சரி என்று சொல்லிப் போனை வைத்தாள். திரையில் யாரோ ஒரு அம்மாவின் படம் பாதி வரைந்தபடி இருந்தது. கன்னத்துக்கும் காதுக்கும் நடுவே நிழலில் இலேசாகப் பட்டை தெரிந்தது. மேஜைக்கு எதிரே வாடிக்கையாளர் அவசரப்பட்டு நின்றார். இன்னும் அரைமணி நேரமாகும், அதுவரை வெளியே ஒரு சாயா குடித்துவிட்டு வாருங்கள் என்று ஜாஸ்மி அவரை அனுப்பிவைத்தாள்.